கோஷம் ஓய்ந்த பிறகு பந்தலுக்குள் என்ன எடுப்பது?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நாகப்பட்டினத்துக்காரர், வேலைக்காக டெல்லி வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு, போராட்டங்கள் நடக்கும் ஜந்தர் மந்தர் போகிறார். கொடி, தூக்கிய கை, மைக், போலீஸ் வைத்த மஞ்சள் தடுப்பு, இவ்வளவுதான் படத்தில் வருகிறது என்கிறார். வாரக்கணக்கில் அங்கேயே படுத்து எழுந்து போராடுகிறவர்களின் சாப்பாடு, தூக்கம், துவைப்பு, சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம், இதையெல்லாம் எடுக்க ஆசை. உள்ளே எப்படிப் போவது, யாரிடம் அனுமதி கேட்பது, என்ன லென்ஸ் வாங்குவது என்பது கேள்வி.

இருபது வருஷமாக இந்த ஊரில் படமெடுக்கிறேன். கரோல் பாகில் வீடு. கல்யாணப் படங்கள் சோறு போடுகின்றன, மிச்ச நேரமெல்லாம் போராட்டக் களங்களில்தான் போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள் தம்பி.

லென்ஸ் அப்புறம். முதலில் எந்த நேரத்துக்குப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

2017 மார்ச் 14-ஆம் தேதி அய்யாக்கண்ணு தலைமையில் நம் ஊர் விவசாயிகள் ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தார்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்து, காவிரியிலும் தண்ணீர் வராமல், பயிர் கருகிப்போன சமயம். கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் என்று கோரிக்கைகள். தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளின் மண்டை ஓடு என்று சொல்லிக் கையில் பிடித்திருந்தார்கள். எலியை வாயில் கவ்விக்கொண்டு நின்றார்கள், பாதித் தலையை மழித்துக்கொண்டார்கள். தினம் ஒன்று புதிதாகச் செய்தால்தான் கேமரா திரும்பிப் பார்க்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பதினோரு மணி வாக்கில் நாங்கள் எல்லோரும் போவோம், அன்றைய காட்சி நடக்கும், எடுப்போம், பன்னிரண்டரைக்குள் இடம் காலியாகிவிடும். முதல் இரண்டு வாரம் என் மெமரி கார்டில் இருந்த படத்துக்கும் பக்கத்தில் நின்றவரின் கார்டில் இருந்த படத்துக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஒருநாள் தூக்கம் வராமல் விடியற்காலையிலேயே கிளம்பி ஆட்டோவில் போய் இறங்கிவிட்டேன். நடைபாதையில் தார்ப்பாய் விரித்து வரிசையாகப் படுத்திருந்தார்கள், பாதிப் பேர் பச்சைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. கொசு அப்படி. ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, எங்கேயோ பிடித்து வந்த ஒரு வாளித் தண்ணீரில் வேட்டியை அலசி, நன்றாக உதறி, டெல்லி போலீஸ் என்று இந்தியில் எழுதிய அந்த மஞ்சள் தடுப்பின் மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேட்டியின் கரை நேராக விழவேண்டும் என்று இரண்டு முறை எடுத்து எடுத்துப் போட்டார். அப்புறம் தன் இடத்துக்கு வந்து, தலைமாட்டில் இருந்த துணிப்பையை நகர்த்தினார். உள்ளே துண்டில் சுற்றிய மண்டை ஓடு. பகலில் எல்லா கேமராவுக்கும் தூக்கிக் காட்டியதுதான், ராத்திரியில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். "என்னம்மா இவ்ளோ வெள்ளனே வந்துட்ட, டீ சாப்ட்டியா?" என்று கேட்டார். கேமராவை வெளியே எடுக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போர் போட்டு எத்தனை அடிக்கும் தண்ணீர் வராத கதையைச் சொன்னார். அதன் பிறகுதான், "அய்யா, அந்த வேட்டி காயறத ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். "அத எதுக்கும்மா எடுக்கற?"

நீங்கள் தேடுகிற படங்கள் விடியற்காலை நான்கரை முதல் எட்டு வரையிலும், மதியம் சாப்பாடு முடிந்து மேடை தூங்கும் நேரத்திலும், ராத்திரி ஒன்பதுக்கு மேலும்தான் கிடைக்கும். மேடை ஓடுகிறபோது களத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்போடுதான் இருப்பார். மைக்கை நிறுத்தியதும் முதுகு வலி ஞாபகம் வரும், வீட்டுக்குப் போன் பண்ணுவார், செருப்பு அறுந்திருப்பதைக் கவனிப்பார்.

ஆர்ப்பாட்டப் படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2020 நவம்பர் கடைசியில், வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் வந்து உட்கார்ந்த டெல்லி-ஹரியானா எல்லையான சிங்குவில், வயதான சீக்கியர் ஒருவரை நோக்கி ஒரு காவலர் லத்தியை ஓங்கியிருக்கும் படத்தைப் பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தின் ரவி சௌத்ரி எடுத்தார். அந்த ஒரு படம் செய்த வேலையை நூறு கட்டுரை செய்திருக்காது. ஆனால் அந்தப் போராட்டம் நவம்பர் 26-இல் தொடங்கி அடுத்த வருஷம் டிசம்பர் வரை நடந்தது. அந்த லத்தி ஓங்கியது ஒரு நொடி. மீதி ஒரு வருஷம் எப்படி ஓடியது? யார் ஓட்டினார்கள்? அதைச் சொல்லத்தான் உள்ளே போகவேண்டியிருக்கிறது.

என் அனுபவத்தில் இதற்கு ஒரே ஒரு வழிதான் உருப்படியாக வேலை செய்திருக்கிறது. வேலையைப் பின்தொடருங்கள். எந்தப் பந்தலானாலும் முதலில் எழுந்திருப்பது யார், கடைசியாகப் படுப்பது யார் என்று கண்டுபிடித்து அந்த இருவரோடு ஒரு நாள் முழுக்க இருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பையை யார் அள்ளுகிறார்கள், கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், மருந்து யாரிடம் இருக்கிறது, போன் சார்ஜ் போட எங்கே வரிசை நிற்கிறது. நம் விவசாயிகள் பக்கத்தில் இருந்த பங்ளா சாகிப் குருத்வாராவுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். அந்த நடையே ஒரு படத் தொடர், அதை யாரும் எடுக்கவில்லை, நானும் பாதிதான் எடுத்தேன்.

சிங்குவில் இது இன்னும் பெரிய அளவு. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கணக்கில் டிராக்டர் டிராலிகள், மேலே தார்ப்பாய், உள்ளே வைக்கோல், அதன் மேல் மெத்தை, ரஜாய் என்ற பஞ்சுப் போர்வை. டிசம்பர் குளிரில் ரொட்டி சுடும் மெஷின் ஒரு பக்கம், கையால் தட்டுகிற பெண்கள் ஒரு பக்கம். பக்கத்து ஹரியானா கிராமங்களிலிருந்து கேன் கேனாகப் பால் வந்து இறங்கும். விறகு எரித்துக் குளிக்க வெந்நீர் வைக்கும் இரும்புத் தொட்டி, வாஷிங் மெஷின் வைத்து யார் துணியானாலும் துவைத்துக் கொடுக்கும் இளைஞர்கள், புத்தகம் அடுக்கிய கூடாரம், அவர்களே நடத்திய டிராலி டைம்ஸ் என்ற பத்திரிகை. ஊர் என்றால் என்னென்ன வேண்டுமோ எல்லாம் ஒன்றொன்றாக வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். கோடை வந்ததும் மூங்கில் குடிசை கட்டினார்கள், கூலர் வைத்தார்கள், சில இடத்தில் செங்கல் வைத்துச் சுவரே எழுப்பினார்கள். அந்தச் செங்கல் சுவரைப் பார்த்தபோது, இவர்கள் சீக்கிரம் திரும்பப்போவதில்லை என்று எந்தப் பேச்சையும் கேட்காமலே புரிந்தது. படமும் அப்படித்தான் பேசவேண்டும்.

ஆனால் அங்கே நுழைவது எளிதாக இல்லை. டிவி சேனல்கள் மேல் அவர்களுக்கு அவ்வளவு கோபம். கேமராவைப் பார்த்ததும் "எந்த சேனல்?" என்பதுதான் முதல் கேள்வி. என் இந்தி டெல்லி வந்து கற்றுக்கொண்ட இந்தி, பஞ்சாபி சுத்தமாகத் தெரியாது. முதல் நாள் கேமரா பையைத் திறக்கவே இல்லை. லங்கர் என்கிற பொதுச் சமையல்கூடம் ஒன்றில் பூண்டு உரிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தேன், ஒரு பாட்டி பேசாமல் என் முன்னால் ஒரு தட்டைத் தள்ளினார். இரண்டு மணி நேரம் உரித்தேன். அடுத்த நாள் பச்சைப் பட்டாணி. மூன்றாம் நாள் அந்தப் பாட்டியே, "அந்தப் பையில் என்ன, கேமராவா? எடு, எங்கள் சமையலை எடு, மேடையை எல்லோரும்தான் எடுக்கிறார்கள்" என்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும், 2017-இல் மண்டை ஓட்டோடு உட்கார்ந்தார்களே அவர்கள் ஊரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் கிடைத்த மரியாதை எனக்குரியது அல்ல, அந்தப் பெரியவர்களுக்குரியது.

அனுமதி யாரிடம் கேட்பது என்றால், இரண்டு இடத்தில். எந்தக் களத்திலும் ஒரு குழு, தொண்டர்கள் இருப்பார்கள். அவர்களிடம் போய் யார், எதற்காக, படம் எங்கே போகும் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த பத்துப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள், அடையாள அட்டையைவிட அது அதிகம் பேசும். ஆனால் குழு சரி என்றால் பந்தலுக்குள் வரலாம் என்றுதான் அர்த்தம். அந்த டிராலிக்குள் தூங்குகிறவரின் சம்மதம் அவரிடம்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். அதே விவசாயிகள் போராட்டம் நடந்த இன்னொரு எல்லையான டிக்ரியில் பெண்கள் தங்கியிருந்த ஒரு டிராலி. நான்கைந்து நாள் பழகியாகிவிட்டது. ஒரு மதியம் போனபோது ஒரு அம்மா குளித்துவிட்டு வந்து முக்காடு இல்லாமல் ஈரத்தலையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார், பின்பக்கத் திறப்பிலிருந்து வெயில் தலைமுடியில் விழுந்து அவ்வளவு அழகு. கேட்காமல் இரண்டு படம் எடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துப்பட்டாவை எடுத்து மெதுவாகத் தலையை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். மருமகள் வெளியே வந்து, "அக்கா, எங்கள் வீட்டு ஆண்களே இவர் தலைமுடியைப் பார்த்ததில்லை" என்றார். அவர் முன்னாலேயே இரண்டையும் அழித்தேன். அதற்கப்புறமும் அந்த அம்மா என்னோடு பழையபடி பேச ஒரு வாரம் ஆனது. பந்தல் என்பது ரோட்டில் இருக்கிறது, அதனால் பொது இடம் என்று சட்டம் சொல்லலாம். அந்தத் தார்ப்பாய்க்குள் இருக்கிறவர்களுக்கு அதுதான் வீடு. வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி வெளியே நின்று கூப்பிட்டுவிட்டுப் போங்கள். நீங்கள் ஆண் என்பதால் பெண்கள் தங்கும் பகுதிக்கு, அவர்களாகக் கூப்பிட்டால் தவிர, போகவே வேண்டாம். தோழி யாராவது படமெடுப்பவர் இருந்தால் சேர்ந்து போங்கள், அந்தப் பகுதியை அவர் எடுக்கட்டும்.

முகம் பற்றி. இது நான் தொடங்கிய காலத்தில் இல்லாத பிரச்சினை, அதனால் உங்கள் வயதுக்காரர்கள் எங்களைவிட அதிகம் யோசிக்கவேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில், வடகிழக்கு டெல்லிக் கலவரத்துக்குப் பிறகு, முகம் அடையாளம் காணும் மென்பொருள் வைத்து 1,100-க்கும் மேற்பட்டவர்களை அடையாளம் கண்டிருப்பதாகவும், அதற்கு ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டைத் தகவல்களைப் பயன்படுத்தியதாகவும் உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையிலேயே சொன்னார். குற்றம் செய்தவர்களைப் பிடிக்கத்தானே என்று கேட்கலாம். கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணின் முகமும் அதே படத்தில்தான் இருக்கிறது. அவள் வீட்டுக்கே தெரியாமல் வந்திருக்கலாம், அரசு வேலைக்குப் பரீட்சை எழுதியிருக்கலாம். அதனால் நான் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்பேன். எடுக்கலாமா? முகத்தோடு போடலாமா? இரண்டாவதற்கு வேண்டாம் என்றால் கையை எடுப்பேன், முதுகை எடுப்பேன், மாவு பிசைகிற விரல்களை எடுப்பேன். அப்படி எடுத்த படங்கள்தான் பல நேரம் நன்றாக வந்திருக்கின்றன. படத்தில் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பு, நேரம் முதலிய தகவல்களை நீக்கிவிட்டே வெளியிடுங்கள். போன் கேமராவில் இடக்குறிப்பை முன்னாடியே அணைத்து வைத்துவிடுங்கள்.

முகமே இல்லாமலும் ஒரு களத்தைச் சொல்லமுடியும். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லி ஷாஹீன் பாகில் பெண்கள் நடத்திய போராட்டம் 2019 டிசம்பர் 15-இல் தொடங்கியது, பாட்டிகள், பேத்திகள், கைக்குழந்தைகள் என்று அந்த டெல்லிக் குளிரில் நூறு நாள். 2020 மார்ச் 22, கொரோனாவுக்காக ஒருநாள் மக்கள் ஊரடங்கு நடந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் சேரக்கூடாது என்று ஒருசிலர் மட்டும் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் தங்கள் செருப்பைக் கட்டில்களின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். நான் இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக. இரண்டு நாள் கழித்து, 24-ஆம் தேதி, போலீஸ் எல்லாவற்றையும் அகற்றிவிட்டது. ஆளில்லாத கட்டிலும் தேய்ந்த செருப்பும் இருக்கும் அந்தப் படங்களை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. எந்தக் காலில் குதிகால் தேய்ந்திருக்கிறது, எந்தச் செருப்பில் வார் தைத்திருக்கிறது என்பதெல்லாம் படத்தில் தெரியும்.

சரி, இப்போது கேமரா. புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். 35 எம்எம் லென்ஸ் ஒன்று போதும், உங்கள் கேமராவில் சின்ன சென்சார் என்றால் 23 அல்லது 24. ஜூம் வேண்டாம் என்பது என் பிடிவாதம். தூரத்தில் நின்று இழுத்து எடுக்கிற படத்தில் அந்தத் தூரம் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து எடுத்ததில் உட்கார்ந்தது தெரியும். ஃபிளாஷ் கூடவே கூடாது, ஆட்கள் தூங்குகிறார்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் திருட்டுத்தனமாக எடுக்க அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தார்ப்பாய் வெளிச்சத்தைப் பழகிக்கொள்ள எனக்கு நிறைய நாள் ஆனது. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எல்லா முகமும் நீலம், மஞ்சளுக்கு அடியில் எல்லோருக்கும் மஞ்சள்காமாலை. கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்கிற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் குழம்பிப்போய் ஒரு படம் ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி காட்டும். ரா ஃபைலாக, அதாவது கேமரா எதுவும் மாற்றாத மூலப் படமாக எடுங்கள், உள்ளே நுழைந்ததும் அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துண்டையோ காகிதத்தையோ ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் வந்து நிறத்தைச் சரிசெய்ய உதவும். அதற்காக அந்த நீலத்தை முழுக்கக் கழுவி எடுத்துவிடாதீர்கள். அவர்கள் மாதக்கணக்கில் அந்த நீலத்துக்குள்தான் இருந்தார்கள், தோல் நிறம் தோல் நிறமாகத் தெரிகிற அளவுக்குக் குறைத்தால் போதும். டிராலிக்குள் என்றால் வெளிச்சம் பின்பக்கத் திறப்பு ஒன்றிலிருந்துதான் வரும். அதை மறைத்துக்கொண்டு வாசலில் நிற்காமல் உள்ளே போய்ப் பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல், அதற்கு மேல் ஒன்றும் செய்யவேண்டாம். லென்ஸின் துளையை எஃப் 2 வரை திறந்து, ஒளியுணர்வைக் காட்டும் ஐ.எஸ்.ஓ.வில் 3200 வரை பயப்படாமல் போங்கள். ஷட்டர் 125-இல் ஒரு பங்கு நொடி. மாவு பிசையும் கை கொஞ்சம் அசைந்து தெரியவேண்டுமென்றால் 60-க்கு இறக்கலாம்.

டெல்லிக் குளிரில் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு தொல்லை இருக்கிறது. ஜனவரிக் காலையில் நாலைந்து டிகிரியில் வெளியே அலைந்த கேமராவோடு ஆவி பறக்கும் சமையல் பந்தலுக்குள் நுழைந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படிந்துவிடும், துடைக்கத் துடைக்கப் படியும். நுழைவதற்கு முன்னால் கேமராவைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, உள்ளே போய் இருபது நிமிஷம் அப்படியே விடுங்கள். அந்த இருபது நிமிஷத்தில் டீயும் பேச்சும் ஆகிவிடும். பேட்டரியைச் சட்டைக்குள் உடம்பை ஒட்டி வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கும். மே, ஜூனில் புழுதி. களத்தில் வைத்து லென்ஸைக் கழற்றவே வேண்டாம்.

போலீஸ் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜந்தர் மந்தரில் யார் எத்தனை நாள் உட்காரலாம் என்பதே நீதிமன்றம் வரை போன விஷயம். 2017 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே போராடத் தடை போட்டது, எல்லோரையும் அகற்றினார்கள், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகளோடு மறுபடி அனுமதிக்கச் சொன்னது. பழைய 144 தடை உத்தரவு இப்போது புதிய சட்டத்தில் 163-ஆம் பிரிவு. அது போட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். எங்கேயும் சேராமல் தனியாகப் படமெடுக்கிறவருக்குப் பாதுகாப்பு குறைவு. 2021 ஜனவரி 30-ஆம் தேதி சிங்குவில் அப்படித் தனியாக இயங்கிய ஒரு செய்தியாளரைக் கைதுசெய்தார்கள், ஜாமீன் கிடைக்கச் சில நாள் ஆனது. அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், கார்டை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி முதல் கார்டை வேறு இடத்தில் வையுங்கள். தள்ளுமுள்ளு தொடங்கினால் அன்றாட வாழ்க்கை எடுக்க வந்த நீங்கள் ஓரமாகப் போய்விடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

குறிப்பு நோட்டு ஒன்று கட்டாயம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிங்குவில் ஒரு தாத்தா கண் மூடி வெயில் காய்ந்துகொண்டிருந்த படத்தை ஒரு செய்தி நிறுவனத்துக்குக் கொடுத்தேன். நான் எழுதிக் கொடுத்த விவரத்தை விட்டுவிட்டு, களைத்துப்போய் ஊர் திரும்ப விரும்பும் விவசாயி என்ற அர்த்தத்தில் ஒரு வரி போட்டுவிட்டார்கள். அவர் காலை மூன்று மணிக்கு எழுந்து ஐநூறு பேருக்கு டீ போட்டுவிட்டு உட்கார்ந்தவர்! திருத்தச் சொல்லிப் பலமுறை எழுதினேன், திருத்தவில்லை. அவர் பேரன் அதைப் போனில் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டபோது சொல்லப் பதில் இல்லை. அன்றிலிருந்து படத்தின் விவரத்தை, ஊர், நேரம், அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று, ஃபைலுக்குள்ளேயே எழுதி, அதை மாற்றக்கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் தருகிறேன். இப்போது படத்தையே மாற்றுகிறார்கள். 2023 மே 28-இல், பாலியல் புகாருக்கு நீதி கேட்டுப் போராடிய மல்யுத்த வீராங்கனைகளைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனபோது, உள்ளே அவர்கள் இறுகிய முகத்தோடு எடுத்துக்கொண்ட செல்ஃபியில் புன்னகையை ஒட்டிப் பரப்பிவிட்டார்கள். அசல் படம் இருந்ததால்தான் பொய் என்று காட்டமுடிந்தது. உங்கள் ரா ஃபைல்களை ஒருபோதும் அழிக்காதீர்கள், இரண்டு இடத்தில் வையுங்கள்.

எத்தனை நாள் போகவேண்டும் என்று ஒரு கணக்கு இல்லை. 1968-இல் வாஷிங்டனில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில வாரங்களில், ஏழைகள் தலைநகரின் நடுவிலேயே பலகைக் குடிசை போட்டு உட்கார்ந்தபோது ஜில் ஃப்ரீட்மேன் என்ற பெண் வேலையை விட்டுவிட்டு அந்தச் சேற்றிலேயே அவர்களோடு தங்கிப் படமெடுத்தார், கிட்டத்தட்ட ஆறு வாரம். நமக்கு வேலையை விடமுடியாது. வாரத்தில் ஒரு ராத்திரியாவது அங்கேயே தங்குங்கள், அதே டிராலி, அதே அடுப்பு, அதே ஆட்கள். பத்துக் களத்துக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரு களத்துக்குப் பத்து முறை போங்கள்.

அடுத்த முறை போகும்போது பிரிண்ட் போட்டுக்கொண்டு போங்கள். போஸ்ட்கார்டு அளவு, ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் ஆகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள், கையில் கொடுத்தால் அந்தப் படம் பந்தல் முழுக்கச் சுற்றிவரும், யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். எந்தப் படம் சரி, எது தப்பு என்று அவர்கள் சொல்வதுபோல எந்த எடிட்டரும் எனக்குச் சொன்னதில்லை. டிக்ரியில் அந்த ஈரத்தலை அம்மாவிடம் மறுபடி பேச்சு வந்ததும் ஒரு பிரிண்டினால்தான், அவர் பேத்தி டிராக்டர் சீட்டில் தூங்குகிற படம்.

ஜந்தர் மந்தர் பெரியவருக்கும் பிரிண்ட் கொண்டுபோனேன். 2017 ஏப்ரல் 23-இல் தமிழக முதல்வர் வந்து பேசி அவர்கள் போராட்டத்தைத் தள்ளிவைத்தார்கள், அதற்கு இரண்டு நாள் முன்னால். இரண்டு படம் கொடுத்தேன். ஒன்று மண்டை ஓட்டைக் கையில் ஏந்தி நிற்பது, பத்திரிகையில் வந்தது. இன்னொன்று மஞ்சள் தடுப்பின் மேல் வேட்டி காய்வது, ஓரத்தில் அவர் குனிந்து கரையை இழுத்துவிடுகிறார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முதல் படத்தை மடிக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். வேட்டிப் படத்தை வைத்துக்கொண்டு, "இது இன்னொன்னு போட முடியுமாம்மா, வீட்டுக்கு அனுப்பணும். வாரம் ஒருக்கா போன் பண்ணி, துணியெல்லாம் தொவச்சுக் கட்டறியா இல்லையான்னு கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார். அன்று சாயங்காலமே ஜன்பத்தில் ஒரு கடையில் போட்டு, விலாசம் கேட்டு எழுதி, தபாலில் சேர்த்தேன்.